மோட்டா குகை ஆய்வு: திருத்தத்தையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொல் எலும்புகளின் டிஎன்ஏ வழியாக ஆப்பிரிக்க மக்களின் வரலாற்றைச் சொன்ன உங்கள் ஞாயிறு கட்டுரை, எத்தியோப்பியாவின் மோட்டா குகையில் எலும்பு கிடைத்த பழங்கால மனிதர் விஷயத்தில் 2015-ல் வெளியான ஆய்வோடு நின்றுவிட்டது. மேற்காசியப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியவர்களின் மரபு மேற்கே யொரூபா, நடுவே ம்புட்டி மக்கள் வரை பரவியதாக அதில் எழுதியிருக்கிறது. அந்த முடிவை ஆய்வாளர்களே 2016-ல் திருத்திவிட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கலப்பு உண்டு என்ற பகுதிதான் இன்றும் நிற்கிறது.

பிசகு நடந்தது கணினியில். ஒரு மென்பொருள் தந்த கோப்பை இன்னொன்றுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு நிரலை ஓட்டாமல் விட்டுவிட்டார்கள். விளைவு, மோட்டா மனிதருக்குத் தாய், தந்தை வழியே வந்த இரண்டு டிஎன்ஏ பிரதிகளும், ஒப்பிடுவதற்கு அளவுகோலாக வைத்திருக்கும் மனித மரபணுத் தொகுதியோடு ஒத்துப்போன இடங்களெல்லாம் கணக்கிலிருந்து உதிர்ந்தன. அவர் வேறுபடும் இடங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், மற்ற ஆப்பிரிக்கர்கள் அவரைவிட யூரேசியர்களுக்கு நெருக்கமாகத்தான் தெரிவார்கள். மரபியலாளர்கள் பொன்டஸ் ஸ்கோக்லுண்டும் டேவிட் ரைக்கும் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, ஆய்வறிக்கையின் தலைப்பில் இருந்த 'ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும்' என்பது 'கிழக்கு ஆப்பிரிக்கா' என்று சுருங்கியது. மூலத் தரவு பிறர் கைக்கும் எட்டியதால் சில மாதங்களிலேயே பிடிபட்டது. இல்லையென்றால் பாடநூல் வரை போயிருக்கும்.

எலும்பில் உள்ள சிக்கல் வேறு வகை. டிஎன்ஏவுக்கு முதல் எதிரி வெப்பம். மோட்டா மனிதர் சுமார் 4,500 ஆண்டுகள் பழையவர். கிடந்தது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த குகையில். தாழ்நில எலும்புகளில் பெரும்பாலும் மண்ணிலிருந்து புகுந்த நுண்ணுயிரிகளின் டிஎன்ஏதான் மிஞ்சும். அதனால்தான் மண்டையோட்டின் அடியில் உட்காதைப் பொதிந்திருக்கும் கெட்டி எலும்பைத் தேடுகிறார்கள். மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, துளைக்கருவியை மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். வேகம் கூடினால் அந்தச் சூடே டிஎன்ஏவைச் சிதைக்கும். தேவைப்படுவது 50 மில்லிகிராம் தூள்தான். அதை, எலும்பின் சுண்ணத்தைக் கரைக்கும் இடிடிஏ, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே கலந்த கரைசலில் இரவு முழுவதும் 37 டிகிரியில் வைத்து, வெளிவரும் டிஎன்ஏவை சிலிக்காவில் ஒட்டவைத்துப் பிரிப்பார்கள். கிடைக்கும் துண்டுகள் பெரும்பாலும் 100 டிஎன்ஏ எழுத்துக்கும் குறைவு. அவற்றின் ஓரங்களில் சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, கருவியின் கண்ணுக்குத் தைமின் என்ற வேறு எழுத்தாகத் தெரியும். இந்தச் சேதம் ஒருவகையில் உதவியும் கூட: ஓரங்களில் அது தென்படாத 'பழைய' டிஎன்ஏ, தொட்டவர் கையிலிருந்து வந்ததோ என்று சந்தேகிக்கலாம். எலும்பே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்டுவது இதற்காகத்தான்.

'மனித இனம் தோன்றியதை டிஎன்ஏ நேரில் காட்டியது' என்ற வரியும் சரியில்லை. நம் இனத்தின் மிகப் பழையவற்றில் சேரும் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். சஹாராவுக்குத் தெற்கே இதுவரை டிஎன்ஏ கிடைத்தது சுமார் 18,000 ஆண்டுகள் வரைதான். தென்னாப்பிரிக்காவின் பாலிட்டோ பே என்ற இடத்துச் சிறுவனின் டிஎன்ஏவை வைத்து, மனித மரபுகள் 3.5 முதல் 2.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்ததாகச் சொல்வது, மரபணு மாற்றம் நடக்கும் வேகத்தைக் கொண்டு போட்ட கணக்கு. சிறுவன் வாழ்ந்ததோ சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு.

எத்தனை பேரின் டிஎன்ஏவை வைத்துச் சொல்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் கட்டுரை சொல்லவில்லை. கேமரூனின் ஷும் லாக்கா பாறைக்குகை பற்றி 2020-ல் வெளியான ஆய்வுக்கு ஆதாரம் நான்கே குழந்தைகள்: இருவர் சுமார் 8,000, இருவர் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு புதைக்கப்பட்டவர்கள். ஆப்பிரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் பரவலாகப் பேசப்படும் பாண்டு மொழிகள் பிறந்ததாகக் கருதப்படும் பகுதி அது; ஆனால் நால்வரும் இன்றைய பாண்டு மொழியினருக்கு நெருங்கிய முன்னோர் இல்லை. இதை வைத்து மொழியியலாளர்களின் கருத்தே பொய்த்தது என்று எழுதுவது அவசரம். ஒரு குகையில் புதைத்தவர்கள் அந்த வட்டாரத்தார் எல்லோருக்கும் பிரதிநிதிகள் ஆகிவிட மாட்டார்கள்.

மோட்டா பத்திக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுங்கள். இணையப் பதிப்பிலும் அந்தப் பத்தியை மாற்றினால் நல்லது. மாணவர்கள் எடுத்து எழுதுவது அங்கிருந்துதான்.

இப்படிக்கு,
மரபியல் ஆசிரியர் ஒருவர்