வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், நூலகர், உறுப்பினர்கள், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் நம் சின்ன எழுத்தாளர்கள், அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக் கதை வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

ஜூனில் வகுப்பு தொடங்கியபோது வந்த கதைகளில் எல்லாம் சிங்கம், நரி, ராஜா. வேதாரண்யத்துப் பிள்ளைகள் எழுதிய கதைகளில் ஓர் உப்பளம்கூட இல்லை. கோடியக்கரையின் பூநாரையும் வெளிமானும் ஒருவர் கதைக்குள்ளும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் அடியில் ‘நீதி:’ என்று ஒரு வரி தவறாமல் இருந்தது. கதை என்றால் இப்படித்தான் என்று நாம் பழக்கியிருக்கிறோம், அவர்கள் என்ன செய்வார்கள்?

இதற்கு நடுவில் நாங்கள் ஒரு தவறும் செய்தோம். இரண்டாம் மாதமே போட்டி வைத்து முதல் பரிசு கொடுத்தோம். அடுத்த வாரம் ஒரு பையன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், “என் கதை நல்லா இல்லன்னு சொல்லிட்டீங்களே சார்” என்றான். நாங்கள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. பரிசு சொல்லியிருந்தது. அன்றோடு போட்டியை நிறுத்திவிட்டோம். நீதி எழுத வேண்டாம் என்றும், கதை முடியும் வரை யாரும் சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

கஜா புயலைப் பற்றி ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதியதைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது அவளுக்கு ஐந்து வயது. முதலில் மூன்றே வரி எழுதினாள்: ‘கஜா புயள் நம் மாவட்டத்தைத் தாக்கியது. பெரும் சேதம் ஏற்பட்டது. மரம் வளர்ப்போம்.’ வகுப்பு எடுக்கும் அக்கா அந்த ‘ள்’ளைத் தொடவில்லை. “அப்ப நீ எங்க இருந்தே?” என்று மட்டும் கேட்டார். கட்டிலுக்கு அடியிலாம். “அப்புறம்?” ஆட்டுக்குட்டியையும் உள்ளே கொண்டுவந்து விட்டார்களாம், அது ராத்திரி முழுக்க அவள் காலை நக்கிக்கொண்டே இருந்ததாம். “அப்புறம்?” விடிந்ததும் அப்பாயி கொல்லையில் நின்று, விழுந்து கிடந்த தென்னை மரங்களை எண்ணினார்களாம். பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்களாம்.

“இதை அப்படியே எழுது” என்றார் அக்கா. நான்கு பக்கம் வந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன், இரண்டாம் தடவை முடிக்க முடியவில்லை. ‘புயல்’ என்று திருத்தியது அதற்கு அடுத்த வாரம்தான். அந்த ஒரு எழுத்துக்காக முதல் நாளே அவளை நிறுத்தியிருந்தால் அப்பாயி தாளுக்கு வந்திருக்க மாட்டார்.

எழுதவே வராத பிள்ளைகளும் வந்தார்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வாயால் பிரமாதமாகச் சொல்வான், பென்சிலைக் கொடுத்தால் தலை குனிந்துவிடும். அவன் சொல்லச் சொல்ல அவன் பேச்சிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். ‘அப்பா உப்பு வாரப் போச்சு. கால்ல வெடிப்பு. உப்புத்தண்ணி பட்டா எரியும்.’ அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்கே தெரியும். விரல் வைத்துக் கடைசி வரை படித்துவிட்டான். வாசிப்புச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

ஒரே ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பிள்ளைகள் அட்டைப்படம் வரைந்து தங்கள் பேரைப் போட்டுக்கொண்டார்கள். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று, அதுவரை முடிந்திருந்த புத்தகங்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அது சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள். ‘ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்’ என்பது நூலகங்களுக்கு அவர் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று. அன்று வந்த ஒவ்வொருவரும் ஒரு புத்தகமாவது படித்து, எழுதிய பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பேப்பர் படிக்க மட்டும் வரும் பெரியவர்கள்கூட அந்தப் பிள்ளைகளிடம் குனிந்து, “ஆட்டுக்குட்டி இப்ப இருக்கா பாப்பா?” என்று விசாரித்தார்கள்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்குச் சில கதைகளை அனுப்பியிருக்கிறோம்.

“இதனால மார்க் வருமா?” என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கட்டுரைக்குத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்கிற அளவுக்குச் சில பிள்ளைகளுக்குக் கை ஓடுகிறது, அதை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் மார்க்குக்காக இதை நடத்தவில்லை என்று அவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன்.

வரும் ஆண்டுக்கு ஒரு ரிம் ஏ4 தாள், கலர் பென்சில், பெரிய கத்தரிக்கோல் இரண்டு வேண்டும். அதைவிட முக்கியமாக, ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, பொறுமையாக “அப்புறம்?” என்று கேட்க இன்னும் நான்கு பேர் தேவை. பேர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். நோட்டு கையில் இருக்கிறது.

செயலாளர்