மழைநீர்க் குழியின் மூடியைத் திறவுங்கள்: சென்னைத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், சேகரக் கமிட்டி, பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

படைப்புக்கான ஜெப நாளாக 1989-இல் கான்ஸ்தாந்திநோபிள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் அறிவித்தது செப்டம்பர் 1. அன்று பல சபைகள் மரக்கன்று நடும், நல்லது. இந்த முறை அதற்கு முன், கூரை மழையை மண்ணுக்குள் இறக்கும் ஆலய மழைநீர்க் குழியைத் திறந்து பார்க்கும்படி வேண்டுகிறோம்.

பாவ அறிக்கை ஜெபம் வாராவாரம் சொல்கிறோம். யோவான் ஸ்நானன் கேட்டதோ மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளை. ஆயக்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். போர்வெல் போட்டு நாம் உறிஞ்சிய தண்ணீருக்கும் அப்படி ஒரு கடன் உண்டு. கூரை 3,000 சதுர அடி, சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. என்று வையுங்கள். எண்பது சதவீதம் பிடித்தாலே 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 25 நடை.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழிகள் பல இன்று பெயருக்குத்தான் இருக்கின்றன. மூடியைத் தூக்கினால் மேலே வேப்பஞ்சருகு. அதை ஒதுக்கினால் கறுப்பாக, களி போல வழுவழுவென்று வண்டல். மணல்மேல் அது ஓர் அங்குலம் படிந்தாலே தண்ணீர் இறங்காது. மேல் மணலை அரை அடி அள்ளி மாற்றுங்கள். ஜல்லியை வெளியே எடுத்து அலசுங்கள். மணல் ஜல்லிக்குள் இறங்காமலிருக்க நடுவே நைலான் வலை விரியுங்கள். மூன்று குடம் ஊற்றினால் உள்ளே போய்விட வேண்டும்; தேங்கி நின்றால் அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது.

பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடத்தில் 12 அடி ஆழ உறைக்கிணறு போதும். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் களிமண். உறைக்கு அடியில் களியைத் தாண்டி மணல் வரை துளைபோட்டு பி.வி.சி. குழாய் இறக்காவிட்டால் அது கொசுத் தொட்டிதான். எந்த மண்ணானாலும் கூரைத் தண்ணீரை மட்டுமே, அதுவும் முதல் மழையை வெளியே விட்ட பிறகே, வடிகட்டிப் போர்வெல்லுக்குத் திருப்புங்கள். கார் நிற்கும் தரையில் ஓடிவரும் தண்ணீர் எண்ணெயையும் அழுக்கையும் நேரே நிலத்தடிக்குக் கொண்டுபோகும்.

பேவர் பிளாக் பற்றி மனம் நொந்தே எழுதுகிறோம். ஆதாம் என்ற பெயரிலேயே மண் இருக்கிறது. எபிரெயத்தில் அதாமா என்றால் நிலம். மண்ணாயிருக்கிறாய் என்று கேட்டுத் தலைதாழ்த்துகிற நாம், வளாகத்தில் ஒரு பிடி மண்கூடத் தெரியாமல் சிமென்ட் போட்டு மூடியிருக்கிறோம். அத்தனையையும் பெயர்க்க வேண்டாம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நான்கு அடி திறந்துவிடுங்கள். புதிதாகப் பதிப்பதைக் கான்கிரீட்டின் மேல் பதிக்காமல் மணல் படுக்கையில், இடுக்கில் சிமென்ட் பூசாமல் பதியுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூடியைத் திறப்பவர் யார், எந்தச் சனிக்கிழமை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிய வேண்டும்.

இப்படிக்கு,
மழைநீர்க் குழிப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள சபை மக்கள், சென்னை