டிப்பர் லாரியின் ஹைட்ராலிக் ஜாக்: பழுது தீராமல் வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம்

அனுப்புநர்: லாரிப் பராமரிப்புப் பிரிவு, துவாஸ், சிங்கப்பூர்
பெறுநர்: மேலாளர், ஹைட்ராலிக் பழுதுபார்ப்புப் பட்டறை, சுங்கை காடுட்
நாள்: 14.07.2025

மதிப்பிற்குரிய ஐயா,

ஜூன் 30ஆம் தேதி உங்களிடம் விட்ட 2008ஆம் ஆண்டுப் பத்துச் சக்கர டிப்பர் ஜூலை 7ஆம் தேதி திரும்பி வந்தது. விடும்போது எழுதிக்கொடுத்த குறைகள் இரண்டு. மண் பாரத்தோடு பெட்டி கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. லீவரை நடுவில் நிறுத்தினால் பெட்டி தானாக இறங்குகிறது. திரும்பி வந்த லாரியில் அந்த இரண்டும் அப்படியே இருந்தன. போதாததற்குப் பம்பில் ஓர் ஊளைச் சத்தமும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் பில்: பெட்டியைத் தூக்கும் ஜாக்கான நான்கடுக்குச் சிலிண்டருக்கு சீல் செட் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) 480 வெள்ளி, கழற்றி மாட்டிய கூலி 1,150, புதிய கியர் பம்ப் 920, உறிஞ்சு குழாய் 120, ஐஎஸ்ஓ 46 ஹைட்ராலிக் எண்ணெய் 40 லிட்டர் 190. கூட்டினால் 2,860, 9 சதவீதப் பொருள் சேவை வரியோடு 3,117 வெள்ளி 40 காசு. முழுவதும் கட்டியாகிவிட்டது.

முதலில் சிலிண்டர். இது ஒருவழிச் சிலிண்டர். தூக்குவதற்கு மட்டுமே எண்ணெய். இறங்குவது பெட்டியின் சொந்தக் கனத்தில். இந்த வகையில் சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியேதான் வழியும், உள்ளுக்குள் கசிந்துபோக இடமே கிடையாது. எக்ஸ்கவேட்டர் சிலிண்டரில் பிஸ்டன் சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் கை இறங்கும்; அதிலேயே கை பழகியவர்கள் இதையும் அப்படி நினைத்துவிடுகிறார்கள். லாரியை விட்ட அன்று நான்கு அடுக்கின் கழுத்தும் காய்ந்து, தூசி படிந்திருந்தது. உங்கள் வரவேற்பில் எடுத்த படமே அதற்குச் சாட்சி. சீல் மாற்றக் காரணமே இல்லை.

ஜூலை 8ஆம் தேதி நாங்கள் சோதித்த முறை இது. காலிப் பெட்டியைப் பாதி தூக்கி, முட்டுக் கட்டையைப் பெட்டிக்கு அரையடி கீழே நிறுத்தி, எஞ்சினை அணைத்தோம். சேஸிக்கும் பெட்டிக்கும் இடைவெளியை அளந்தால் 10 நிமிடத்தில் 11 சென்டிமீட்டர் இறங்கியது. பிறகு சிலிண்டருக்கும் லீவரோடு இணைந்த கன்ட்ரோல் வால்வுக்கும் இடையே 315 பார் அழுத்தம் தாங்கும் பால் வால்வு (உருண்டை அடைப்பான்) ஒன்றைப் பொருத்தி, அதை மூடி அதே சோதனையைச் செய்தோம். பெட்டி அசையவே இல்லை. அதாவது எண்ணெய் திரும்பிப் போவது கன்ட்ரோல் வால்வு வழியாக. இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும், சிலிண்டரை இறக்கவே வேண்டியதில்லை.

தூக்காத குறைக்கு பம்ப் வெளிவாயில் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) மாட்டினோம். பால் வால்வை மூடியபடி லீவரைத் தூக்கும் பக்கம் ஐந்து நொடி பிடித்தால் முள் 95 பாரில் நின்றது. கன்ட்ரோல் வால்வின் தகட்டில் பொறித்திருப்பது 170. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் இருந்தாலும் 1,200இல் இருந்தாலும் அதே 95. தேய்ந்த பம்பாக இருந்தால் சுற்று கூடக்கூட அழுத்தமும் கூடும், எண்ணெய் சூடானால் விழும். எந்தச் சுற்றிலும் ஒரே எண்ணில் முள் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் திறந்து எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வு. உங்கள் ஆட்கள் பம்பை மாற்றுமுன் கேஜ் மாட்டியதாக வேலைச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை.

ரிலீஃப் வால்வைக் கழற்றினோம். வாயை மூடும் கூம்புக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே நகத்துணுக்கு அளவில் கறுப்பு ரப்பர், தட்டையாகி கல்லாய் இறுகிக் கிடந்தது. நீங்கள் போட்ட சீல்கள் பச்சை நிறம். எனவே இது உங்களிடம் வரும் முன்பே அங்கே இருந்த பழைய துண்டு. வால்வை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கன்ட்ரோல் வால்வுக்குள் சிலிண்டர் பக்கம் எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வின் இருக்கையிலும் கீறல். துண்டை எடுத்து, ஒருவழி வால்வின் கூம்பையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டே 170க்கு வைத்தோம். பாரமும் ஏறுகிறது, பெட்டியும் நிற்கிறது. பொருள் செலவு 85 வெள்ளி.

ஊளைச் சத்தம் முழுக்க உங்கள் கைவேலை. டேங்கிலிருந்து பம்புக்கு எண்ணெய் வரும் உறிஞ்சு பக்கம் உள்ளே கம்பிச் சுருள் உள்ள குழாய்தான் போட வேண்டும். நீங்கள் போட்டது சாதாரண ரப்பர் குழாய். எண்ணெய் சூடானதும் அது உள்வாங்கிச் சப்பையாகிறது, பம்புக்கு எண்ணெய் பற்றாமல் அலறுகிறது. கிளிப் அடியில் கிரீஸ் தடவியதும் சத்தம் பாதியாகக் குறைந்ததால் காற்றும் இழுக்கிறது என்று தெரிந்தது. டேங்கில் நுரை வந்ததும் அதனால்தான். புதிய பம்ப் இப்படியே ஒரு மாதம் ஓடினால் பழைய பம்பாகிவிடும்.

இன்னும் இரண்டு. பெட்டி மேலே இருக்கும்போது டேங்கை நிரப்பியிருக்கிறீர்கள்; இறக்கியதும் சிலிண்டரில் இருந்த எண்ணெய் திரும்பி வந்து மூச்சுத்துளை வழியாகக் கொட்டியது. அளவு பார்ப்பது பெட்டி முழுதாக இறங்கிய பிறகுதான். அதைவிட மோசம், பெட்டி தூக்கியிருந்தால் கேபினில் ஒலிக்கும் பஸ்ஸரின் ஒயர் மாட்டப்படாமல் தொங்கியது. பெட்டியை இறக்க மறந்து ஓட்டுநர் சாலைக்கு வந்தால் மேம்பாலத்தில்தான் போய் இடிப்பார்.

தொலைபேசியில் உங்கள் மேற்பார்வையாளர் "லாரி பழசு, களிமண் பாரமும் அதிகம்" என்றார். பாரம் அதிகமானால் 170இல் திறக்க வேண்டிய வால்வு 95இல் ஏன் திறந்தது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

எண்ணெய் மாற்றும் காலம் எப்படியும் வந்துவிட்டது. அந்த 190 வெள்ளியைக் கேட்கவில்லை. மீதி 2,670 வெள்ளியும் அதற்கான வரி 240 வெள்ளி 30 காசும், ஆக 2,910 வெள்ளி 30 காசைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் பழைய பம்பைக் கொடுத்தால் உங்கள் புதிய பம்பைக் கழற்றித் தருகிறோம். பழைய பம்பை வீசிவிட்டிருந்தால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

ஜூலை 28ஆம் தேதிக்குள் பதில் இல்லையென்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்போம். ரப்பர் துண்டு, சப்பையான குழாய், கேஜ் அளவுகளின் படங்கள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. வேலை நாளில் காலை 8 முதல் மாலை 5 வரை துவாஸுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லாரிப் பராமரிப்புப் பிரிவினர்