பெயர் எழுதாமல் நோட்டை விட்டுப்போன சீனியருக்கு

அண்ணனோ அக்காவோ, விடுதி அலமாரியில் நீங்கள் வைத்துப்போன சோஹோ மென்பொருள் நிறுவன நேர்காணல் நோட்டுக்கு மனமார்ந்த நன்றி.

முதல் சுற்றின் சி புரோகிராமிங் கேள்விகளில் எங்கே சறுக்கும் என்று குறித்திருந்தீர்கள். "abc" என்று, அளவு குறிப்பிடாமல் நிரப்பிய கேரக்டர் அரேயில் (எழுத்து வரிசையில்) ஸ்ட்ரிங் நீளம், அதாவது எழுத்துகளின் எண்ணிக்கை 3; சைஸ்ஆஃப், அதாவது நினைவகத்தில் பிடிக்கும் பைட் 4. கடைசியில் முடிவைக் காட்டும் ஒரு நல் (null) கேரக்டர் உட்கார்ந்திருப்பதை மறந்தால் மார்க் போச்சு.

ஆனால் உண்மையான பொக்கிஷம், முழு அப்ளிகேஷன் எழுதச் சொல்லும் சுற்றுக்கான பக்கங்கள்தான். ரயில் முன்பதிவுக் கணக்கில் 63 பெர்த், 18 ஆர்ஏசி (பெர்த் கிடைக்கும்வரை உட்கார்ந்து போகும் இடம்), 10 வெயிட்டிங் லிஸ்ட். உறுதியான டிக்கெட் ஒன்று ரத்தானால் ஆர்ஏசியின் முதல் ஆள் பெர்த்துக்கு, வெயிட்டிங்கின் முதல் ஆள் ஆர்ஏசிக்கு. பலர் முதல் நகர்வோடு நிறுத்திவிடுவார்கள். பட்டியலில் ஓர் இடம் காலியாகவே கிடக்கும்.

கால் டாக்ஸி கணக்கிலும் அப்படித்தான். இறக்கிவிட்ட இடத்தையும் காலியாகும் நேரத்தையும் சேர்த்துப் புதுப்பிக்காவிட்டால் அடுத்த புக்கிங் தப்பான வண்டிக்குப் போகும். முதல் 5 கி.மீ.க்கு 100 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 10 என்றால் 15 கி.மீ.க்கு 200. இதைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோட் எழுத வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தீர்கள். அந்தக் கோடு நிறையப் பேரைக் காப்பாற்றுகிறது.

நோட்டின் ஓரம் கிழிகிறது, ஜெராக்ஸ் எடுத்துவிட்டோம். அசல் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரமாக இருக்கிறது.