வெள்ளையடிக்கும் முன் ஒரு படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. எங்கள் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் சுண்ணாம்பு வாளிகள் வந்துவிடும். அதற்குள் உங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பு பூசுவதற்கும் டைல்ஸ் பதிப்பதற்கும் முன்னால், பழைய கல்லில் இருக்கும் எழுத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. குடும்ப வழியைத் தேடத் தொடங்கி, ஆறு ஆண்டுகளாகத் தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்துச் சிற்றூர்களில் கல்லறைகளைப் படமெடுத்து வருகிறேன். முதலில் எடுத்தது என் ஓட்டனுடைய கல். அவர் உபதேசியாராக, அதாவது ஊர்களில் வேதம் போதிக்கும் சபை ஊழியராக இருந்தவர். கல்லில் ‘கொல்லம் 1052 தாது வருஷம் மார்கழி’ என்று இருந்தது. கொல்லம் ஆண்டு என்பது கி.பி. 825-இல் தொடங்கும் பழைய ஆண்டுக் கணக்கு. அதன்படி பார்த்தால் 1876 டிசம்பர் நடுவிலிருந்து 1877 ஜனவரி நடுவுக்குள் இறந்திருக்கிறார். பாட்டிமார் சொல்லிச் சொல்லி அழுத தாது வருஷப் பஞ்சம் அதுதான். அவர் மகன், அதாவது என் பூட்டன், பதினைந்து வயதில் ஏன் தனியாக இலங்கைக்குக் கப்பலேறினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகன், மிகுந்த பாசத்தோடு, தன் சம்பளத்தில் அந்த இடத்தில் புதிதாகக் கிரானைட் வைத்தான். கொல்லம் ஆண்டைப் பற்றி அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 1052 என்பதை, தேய்ந்துபோன 1952 என்று எண்ணி அப்படியே வெட்டச் சொல்லிவிட்டான். பழைய கல் குழாயடியில் துவைகல்லாகக் கிடந்தது. நான் பார்க்கும்போது மேல் இரண்டு வரிகள் போய்விட்டிருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் என் கைபேசியில் இல்லாவிட்டால், பஞ்சத்தில் மாண்ட மனிதர் எங்கள் பிள்ளைகளின் கணக்கில் 76 ஆண்டுகள் கழித்து இறந்தவராகியிருப்பார்.

இதை வேறு எங்கே சரிபார்ப்பது? பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்குமான பொதுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. எங்கள் ஆலயத்தின் பழைய அடக்கப் பதிவேட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குறை இல்லை. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்தார், 1905-இல் அது அச்சாயிற்று. பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்கள்தான். தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளுக்காக 1976-இல் லண்டனில் ஒரு சங்கமும் ஏற்பட்டது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் 1891-இல் மறைந்த கால்டுவெல் அடக்கமான இடத்தை இடையன்குடியில் குழந்தையும் காட்டும். அவர் காலத்தில் மணலில் ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று யார் காட்டுவார்?

படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. உச்சிவெயிலில் எடுத்தால் எழுத்தே தெரியாது. காலை ஏழு மணிக்குச் சாய்வெயில் விழும்போது வெட்டுப் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும்பிவரும். மரநிழலில் இருக்கும் கல் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சலாம். சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பக்கத்துக் கற்களையும் எடுங்கள். ஒரு குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கிடப்பார்கள். ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு பெண்ணின் பெயரை, அடுத்திருந்த அவள் மகனின் கல்லிலிருந்துதான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, கொம்பு சுழித்த ‘லை’யையும் ‘னை’யையும் இளையவர்கள் படிக்கத் திணறுகிறார்கள். ஆகவே வீட்டில் பெரியவர் இருக்கும்போதே அந்தப் படத்தை அவர் முன்னால் வைத்துப் படிக்கச் சொல்லி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சபைகளைப் பொறுப்பேற்று நடத்தும் போதகர்களான சேகர குருவானவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பழைய கல்லை அகற்ற அனுமதி கேட்டு வருகிறவர்களிடம், முதலில் அதன் படம் ஒன்றை வாங்கிப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். பெயர்த்த கல்லை மதிற்சுவர் ஓரமாக நிறுத்தி வைக்க இடம் கொடுங்கள்.

எங்கள் ஓட்டனுடைய கல்லைத் துடைத்து, அதே கல்லறையின் கால்மாட்டில் சாய்த்து வைத்திருக்கிறோம். அண்ணன் மகன் என் படத்தை அச்செடுத்துக் கல்வெட்டுபவரிடம் கொடுத்துவிட்டான். திருநாளுக்கு முந்தைய நாள் வந்து ஆண்டைத் திருத்தித் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை.