சாமான் வைக்க இடமில்லை என்றாயே

சிவமயம்

பள்ளத்தூர்

அன்பு மகள் உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் கணக்கோடு சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது படி.

சாமான் வைக்க இடமில்லை, மூன்று படுக்கையறை உள்ள வீடாகப் பார்க்கிறோம் என்று சொன்னாய். பெங்களூரில் வாடகை என்ன ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடுதல் வாடகை யாருக்காக என்றுதான் யோசிக்கிறேன். நீங்கள் மூன்று பேர் புழங்க இப்போதுள்ள வீடு தாராளம். போன முறை வந்திருந்தபோது பார்த்தேனே: பால்கனியில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள், அலமாரியில் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத சுடிதார்கள், கட்டிலுக்கு அடியில் பேத்தி திரும்பிப் பார்க்காத பொம்மைகள். மூன்றாவது அறை இவற்றுக்குத்தான். அந்த வாடகைக்காக நீ ராத்திரி பத்து மணிக்கு மேலும் லேப்டாப்பை மூடாமல் உட்கார்ந்திருப்பாய். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

முன்னோர் சிக்கனமாக வாழ்ந்தார்கள், நீ ஊதாரியாகிவிட்டாய் என்று சொல்ல நான் வரவில்லை. செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது பொய். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் தருவித்துக் கட்டிய வீடுகள்தானே இவை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பித்தளை, வெண்கலம், எனாமல், எவர்சில்வர் என்று சாமான் பரப்பினோம். இனிஷியல் வெட்டி இரண்டாங்கட்டு அறையில் பூட்டிய அண்டாக்களில் பாதி ஒருநாளும் அடுப்பு ஏறியதில்லை. இன்று வாரிசுகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பார்த்தால், அதே அண்டாக்களை வெளியூர்க்காரர்கள் அலங்காரத்துக்கு வைக்க விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சாமானுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். என் ஐயா பர்மாவில் லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் செய்தவர். 1930-ஐ ஒட்டி நெல் விலை படுத்துவிட்டது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை; ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் நம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். நம் ஆட்கள் பணத்தைத்தான் கேட்டார்கள், நிலத்துக்கு ஆசைப்படவில்லை என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் நிலத்தை இழந்தவன் இழந்தவன்தான். இங்கே வீட்டு வளவில் உட்கார்ந்து சாமான் எண்ணியவர்களுக்கு அவன் முகம் தெரியாது.

நான் சொல்ல வந்தது இதைத்தான், உமையாள். ஒரு பொருளுக்கு நாம் கொடுப்பது அதன் விலையில் ஒரு பங்குதான். மீதியை நம் கண்ணில் படாத யாரோ கட்டுகிறார்கள்.

உனக்கு 299 ரூபாய்க்கு வரும் டாப்பையே எடுத்துக்கொள். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர வளர, சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கியது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். சில வருஷங்களிலேயே அதில் தேங்கியது சாயக்கழிவு. பயிருக்கு விட முடியாது, மாட்டுக்குக் காட்ட முடியாது, சுற்றுவட்டாரக் கிணறுகளும் கெட்டுப்போயின. விவசாயிகள் வருஷக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது நடுத்தெருவில் நின்றது கூலிக்காரர்கள்தான். நம் பக்கத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து பிழைக்கப் போன பிள்ளைகளும் அதில் உண்டு. ஆறும் போய், வேலையும் போயிற்று. அந்தத் துணிகளை உடுத்தியவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் நடந்தது இதைவிடக் கொடுமை. ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் கண்டார்கள். கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். துணி தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். ஆர்டர் தேதிக்குள் சரக்கு போக வேண்டும் என்றுதான் அவர்களை உள்ளே அனுப்பினார்கள்.

இத்தனையும் கொடுத்து வாங்கிய துணி எத்தனை நாள் உழைக்கிறது? உன் அப்பத்தா கட்டிய கண்டாங்கிச் சேலை ஒன்று உனக்கு நினைவிருக்கும். மஞ்சளும் அரக்கும் கலந்த கட்டம், அகலமான கரை, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். புதிதில் விறைப்பு, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிட்டது. நடு மடிப்பில் இற்றுப்போனதும் அப்பத்தா அதைத் தூக்கிப் போடவில்லை. நல்ல பாகத்தை வெட்டி உனக்குத் தூளி கட்டினார்கள். நீ அதில்தான் தூங்கினாய். அப்புறம் அது பாய்க்கு மேல் விரிப்பாயிற்று, அதன் பிறகு அடுப்படியில் கரித்துணியாயிற்று. கடைசியில் நூல் நூலாகப் பிரிந்து தென்னைமரத்தடியில் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது.

போன வாரம் ஆத்தா, நீ விட்டுப்போன டாப் ஒன்றைக் கரித்துணியாக எடுத்தாள். தரையைத் துடைத்தால் தண்ணீரை இழுக்கவே இல்லை. சூடான வாணலியைப் பிடித்தாள், துணி சுருங்கி விளிம்பில் ஒட்டிக்கொண்டது. சுரண்டித்தான் எடுத்தோம். சீட்டைப் பார்த்தேன், முழுக்க பாலியெஸ்டர். பெட்ரோலியத்திலிருந்து செய்வது. இன்று உலகத்தில் தயாராகும் இழையில் பாதிக்கு மேல் இதுதான். வாஷிங் மெஷினில் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தும்பு கழன்று சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. சீக்கிரத்தில் மக்காது, வேறு வேலைக்கும் ஆகாது. விற்காமல் போன துணிகளை சிலி நாட்டு அடகாமா பாலைவனத்தில் மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். படங்களைப் பார்த்தேன், சிலவற்றில் விலைச்சீட்டு அப்படியே தொங்குகிறது.

முழுப் பழியையும் உன் மேல் போட மாட்டேன். சீக்கிரம் கெட்டுப்போகும்படி பொருள் செய்வது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. 1924-ல் பல்பு தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, ஒரு பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. கூடுதலாக எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம். இன்று போனில் பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டி வைப்பதும் அந்த வழிதான். 2022-ல் மட்டும் உலகம் தூக்கிப் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால்பங்குகூட இல்லை.

சரி, இனி உன் கணக்குக்கு வருகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இதை என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. கார்டில் "மினிமம் டியூ" மட்டும் கட்டி வருவதாகச் சொன்னாய். 50,000 ரூபாய் நிலுவை, மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். ஒரு மாத வட்டி 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065. குறைந்தபட்சம் கட்டச் சொல்வது 5 சதவீதம் என்றால் 2,500. நீ 2,500 கட்டினால் அசலில் கழிவது 435 ரூபாய். வருஷத்துக்கு 42 சதவீத வட்டி இது. நம் குடும்பத்தில் வட்டிக்குக் கொடுத்துப் பழகியவர்கள் யாரும் இந்த வட்டிக்குக் கடன் வாங்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள். நீ எல்லாம் அறிந்தே போனில் ஒரு பொத்தானை அழுத்தி வாங்குகிறாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நோ காஸ்ட் இஎம்ஐ"யும் அப்படித்தான். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி, பொருளின் விலையிலோ செயல்முறைக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும்.

நீ ஒன்றுமே வாங்காதே என்று சொல்லவில்லை. பேத்திக்கு வேண்டியதை வாங்கு, உனக்குப் பிடித்ததையும் வாங்கு. பிடித்ததை வாங்கி உடுத்தி அது கிழிவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். கையால் நெய்த கண்டாங்கி விலை கூடுதல் என்பாய். கூடுதல்தான். காரைக்குடியில் இன்னும் தறி ஓடுகிறது, 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது, ஆனால் நெய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வருஷத்துக்கு ஒன்று வாங்கினாலும் அந்தக் காசு எந்தக் கைக்குப் போகிறது என்று உனக்குத் தெரியும், நேரில் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு முன்பணம் இப்போது கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தைக் கார்டில் கட்டு. பிரிக்காத பெட்டிகளில் திருப்பி அனுப்ப நாள் இருப்பதை இந்த வாரமே அனுப்பிவிடு. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, மாப்பிள்ளைக்கும் காட்டிவிட்டுப் போடு. மீதித் தொகைக்கு என் வைப்புநிதி ஒன்று மாசியில் முதிர்கிறது, அதிலிருந்து தருகிறேன். ஆத்தாவுக்கும் இதில் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பச்சி