கட்டடத்தின் கீழ்த்தளத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேகமாக வளரும் பெருநகரங்களில் நிறுவனங்கள் சூழலுக்கு உகந்த தொழில்முறைகளுக்கு மாறிவருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால், அதில் கருத்துச் சொன்ன அத்தனை பேரும் நிர்வாக இயக்குநர்கள், ஆலோசகர்கள், ஆண்டறிக்கை தயாரிப்பவர்கள். கட்டடத்தை ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

பெரிய அலுவலக வளாகம் ஒன்றின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் இருக்கும். அதில் ராப்பகலாக ஓட வேண்டிய இயந்திரம் புளோயர். தொட்டியில் உள்ள நுண்ணுயிரிகளுக்குக் காற்று கொடுப்பது அதுதான்; நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அதனால், செலவைக் குறை என்று மேலிருந்து உத்தரவு வந்தால் முதலில் நிற்பதும் அதுதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவுப் பணிக்காரர்களுக்கு இதை எழுத்தில் தரவில்லை, வாய்மொழியாகத்தான் சொல்லியிருந்தார்கள். விடிகாலையில் திரும்பப் போடுவார்கள். ஆனால், காற்றில்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே தொட்டி நாற ஆரம்பித்துவிடும். இரவுக்கு இரவு இப்படியே போனால் நுண்ணுயிரிகள் செத்துவிடும், மறுபடி தேறிவரப் பல நாட்கள் ஆகும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. தொட்டியிலிருந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி அளவுக் குடுவையில் மொண்டு அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் வையுங்கள். நிலையம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பழுப்பு நிறச் சேறு கீழே படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு கலங்கியே இருந்தால் லாக் புக்கில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். அந்த லாக் புக்கையும் பாருங்கள். ஒரு மாதத்துப் பதிவு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதாக இருக்கும். ஆனால், அதே வளாகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் 'கழிவுநீர் முழுவதும் மறுபயன்பாட்டுக்கு' என்று பச்சை எழுத்தில் அச்சாகியிருக்கும், பக்கத்தில் ஒரு செடியின் படமும். (செடி இல்லாத ஆண்டறிக்கையை நான் இன்னும் பார்த்ததில்லை.)

முதலாளிகள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் போடுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். வளரும் பெருநகரத்தில் கட்டடத்தைக் கட்டுகிறவர் அதில் இருக்கப்போவதில்லை. கட்டி விற்றுவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடுகிறார். நல்ல கண்ணாடியும் நல்ல குளிரூட்டும் இயந்திரமும் போட்டால் செலவு அவருக்கு. குறைந்த மின்கட்டணம் வாடகைக்கு வருகிறவருக்கு. அப்புறம் அவர் ஏன் போடுவார்? வாடகைக்கு வந்தவரோ நாளைக்கே காலி செய்யக்கூடியவர். அடுத்தவர் கட்டடத்தில் அவர் எதற்கு முதலீடு செய்வார்? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

இந்த முடிச்சைக் கொஞ்சமாவது அவிழ்த்த நகரம் டோக்கியோ. 2010 ஏப்ரலில் அங்கே ஒரு திட்டம் வந்தது. ஆண்டுக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்கு ஈடான அல்லது அதற்கும் மேலான எரிசக்தியைச் செலவழிக்கும் ஒவ்வொரு பெரிய கட்டடமும் தொழிற்சாலையும் கரிம உமிழ்வை இவ்வளவு குறைத்தே ஆக வேண்டும் என்று மாநகர அரசு உச்சவரம்பு வைத்தது. கூடுதலாகக் குறைத்தவர் அந்தக் கூடுதல் அளவை, குறைக்க முடியாதவருக்கு விற்கலாம். கணக்கை நிறுவனமே எழுதிக்கொடுத்தால் போதாது. பதிவுபெற்ற வெளியாள் வந்து சரிபார்க்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் தாண்டிய அளவைப்போல் 1.3 மடங்கு குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. பொறுப்பு கட்டட உரிமையாளருக்குத்தான் என்றாலும், பெரிய பரப்பை எடுத்திருக்கும் வாடகைதாரரும் திட்டம் எழுதிக் கொடுத்து ஒத்துழைக்க வேண்டும். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் ஐந்தாண்டு முடிவில் உமிழ்வு, திட்டம் வருவதற்கு முந்தைய அடிப்படை அளவைவிட 25 சதவீதம் குறைந்திருந்தது. சரி, 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த மின்தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. அத்தனையும் திட்டத்தின் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், தட்டுப்பாடு வந்தபோது எங்கே குறைப்பது என்று அந்தக் கட்டடங்களுக்குத் தெரிந்திருந்தது, ஏற்கெனவே அளந்துகொண்டிருந்ததால்.

நியூயார்க்கும் 2019-இல் இதே வழியில் ஒரு சட்டம் போட்டது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு. மீறினால், தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். இப்படி ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டால் விவகாரம் விளம்பரப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். கணக்குப் பிரிவுக்குப் போனால்தான் பழைய பம்பை மாற்றக் கையெழுத்து கிடைக்கும். என் அனுபவத்தில் கண்டது இது.

பெரிய நிறுவனங்களுக்குச் சரி, சிறியவர்கள்? கட்டுரையில் அவர்களுக்கு 'விழிப்புணர்வு தேவை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். டாக்காவில் நடந்ததைச் சொன்னால் போதும். ஹசாரிபாக் பகுதியில் பல பத்தாண்டுகளாகத் தோல் பதனிடும் பட்டறைகள் குரோமியம் கலந்த கழிவுநீரைப் புரிகங்கா ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தன. நீதிமன்றம் தலையிட்டது. 2017 ஏப்ரலில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாவற்றையும் துண்டித்தார்கள். பட்டறைகள் நகருக்கு வெளியே சாவாருக்குப் போயின. அங்கே எல்லாருக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் தயாராக இருக்கும் என்பதுதான் ஏற்பாடு. நிலையம் முழுமையாகத் தயாராகவில்லை, பட்டறைகள் மட்டும் வந்து சேர்ந்தன. புரிகங்காவுக்குப் போன விஷம் இப்போது தலேஸ்வரி ஆற்றுக்குப் போகிறது. ஒரு சிறு பட்டறைக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது என்பது ஊரறிந்த விஷயம். பொது நிலையம் முன்னால், இடமாற்றம் பின்னால் என்ற வரிசையைக்கூடக் காப்பாற்ற முடியாதபோது அவரிடம் விழிப்புணர்வு பேசி என்ன பயன்?

முதலில் கொட்ட வேண்டிய பணத்துக்கு வழி செய்தால் மாற்றம் வேகமாக வரும் என்பதற்குச் சீனாவின் ஷென்ஷென் நகரம் சாட்சி. 2017 முடிவதற்குள் அந்த நகரத்தின் பொதுப் பேருந்துகள் அனைத்தும், 16,000-க்கும் மேல், மின்சாரத்துக்கு மாறிவிட்டன. அரசு மானியம் பெரிய அளவில் கிடைத்தது உண்மை. அதோடு, வண்டிகளை ஒட்டுமொத்தமாக விலை கொடுத்து வாங்காமல் குத்தகைக்கு எடுக்கவும் வழி இருந்தது. டீசல் வண்டியைவிட வாங்கும் விலை அதிகம், ஓட்டும் செலவு குறைவு என்ற கணக்கு அப்போதுதான் இயக்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாயிற்று.

கடைசியாக ஒரு வருத்தம். 'நவீன கழிவு மேலாண்மை நிறுவனங்கள்' பெருநகரங்களுக்கு வருவதைக் கட்டுரை கைதட்டி வரவேற்கிறது. 2003-இல் கெய்ரோவும் அப்படித்தான் ஐரோப்பிய நிறுவனங்களைக் கூப்பிட்டது. அதற்கு முன் வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சப்பாலீன் மக்கள். எடுத்த குப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவர்கள் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புதிய நிறுவனங்களின் ஒப்பந்தத்திலோ 20 சதவீதம் செய்தாலே போதும். வீட்டு வாசலுக்கு வந்த ஆள் போய், தெருமுனைத் தொட்டி வந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் சப்பாலீன் மக்கள் வளர்த்த பன்றிகளையும் அரசு கொன்றது. உணவுக் கழிவைத் தின்று தீர்த்தவை அந்தப் பன்றிகள்தான். அதன்பின் அந்தக் கழிவு தெருவில் குவிந்தது. பல பெருநகரங்களில் பழைய பேப்பர்க்காரரும் குப்பை பொறுக்குகிறவரும் செய்வது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுழற்சிப் பொருளாதாரம். புதிதாக வருகிற நிறுவனம் அவர்களைக் கூலி, கையுறை, அடையாள அட்டையோடு சேர்த்துக்கொள்கிறதா, அல்லது துரத்திவிட்டு அவர்கள் இடத்தில் உட்காருகிறதா என்று கேட்காமல் அதற்குப் பசுமை விருது கொடுப்பது நியாயமில்லை.

தங்கள் இதழ் இதே பொருளில் தொடர்ந்து எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த நிறுவனத்துக்குப் போகும்போது செய்தியாளரிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் உண்டா, உண்டென்றால் இரவு நேரத்து அளவு என்ன? வாங்கிய தண்ணீர் எவ்வளவு, மறுபடி பயன்படுத்தியது எவ்வளவு? குப்பையை எடுத்துப்போகிறவர் யார், அவருக்கு மாதம் என்ன தருகிறீர்கள்? பதில்களை அப்படியே அச்சிடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்